வயசாயிடுச்சு இல்ல?

குனி என்பது தமிழ்ச் சொல். 2006ல் எங்கள் பக்கம் சிக்குன்குனியா வந்தபோது அந்தப் பெயரின் பின்பாதி தமிழ்தான் என்று முத்தியால்பேட்டையில் பலர் உறுதியாக நம்பினார்கள். முன்பாதி சிக்கன், பின்பாதி குனிய முடியாதது. ஆக, கோழி தின்றால் வரும், வந்தால் குனிய முடியாது. பெயர்க்காரணம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்ட பிறகு கொசுவைப் பற்றி யார் பேசினாலும் எடுபடவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் கோழிக்குழம்பு கிடையாது.

அது உண்மையில் மகொண்டே மொழிச் சொல். இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் 1952-53ல் பரவிய ஒரு காய்ச்சலுக்கு அங்கிருந்த மக்களே வைத்த பெயர். வளைந்துபோக வைப்பது என்று பொருள். அங்கேயும் வளைவு, இங்கேயும் வளைவு. தற்செயல்தான். ஆனால் என் ஆயாவைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தற்செயல் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆயாவுக்கு அப்போது 63 வயது. காய்ச்சல் நாலே நாள்தான். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காலையில் விரல்களை மடக்க முடியாது. கணுக்கால், மணிக்கட்டு, முட்டி எல்லாம் முறை வைத்துக்கொண்டு வீங்கும். வாசலில் புள்ளி வைக்கக் குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும். அந்த மார்கழியில் கோலம் அம்மா கைக்கு மாறியது. பிறகு ஆயா கைக்குத் திரும்பவே இல்லை. 2013ல் இறக்கும்வரை ஏழு வருஷம் தரையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒருமுறை சொன்னார்: “காய்ச்ச போயிடுச்சுடா. அது பெத்துப் போட்ட புள்ளதான் போவ மாட்டேங்குது.”

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம். அவருடைய மகள் ரெயூனியன் தீவில் இருந்தார். 2006ன் தொடக்கத்தில் மகளிடமிருந்து போன் வரும்போதெல்லாம் தாத்தா ஒரு காய்ச்சலைப் பற்றிச் சொல்வார். அங்கே வீட்டுக்கு வீடு படுத்திருக்கிறார்களாம், கை கால் வராதாம். அப்போது நாங்கள் அதைத் தூரத்துச் செய்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். சில மாதங்களில் அதே காய்ச்சல் எங்கள் வாசலுக்கு வந்தது.

ரெயூனியனுக்கும் எங்களுக்கும் பழைய உறவு. 1848ல் அங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் போனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே மலபார் என்ற பெயரில் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். அந்தத் தீவில் 2005-06ல் மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 7.7 லட்சம். சிக்குன்குனியா வந்தது சுமார் 2.66 லட்சம் பேருக்கு. மூன்றில் ஒருவர். அந்த வைரஸின் மரபுச் செய்தி சுமார் 11,800 எழுத்துகள்தான். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஈ1 என்ற புரதத்தின் 226வது இடத்தில் அலனின் போய் வாலின் வந்தது. அவ்வளவுதான். அதுவரை அதற்கு அவ்வளவாக இடம் கொடுக்காத ஆசியப் புலிக்கொசுவின் உடலில் வைரஸ் சுலபமாகப் பெருக ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷமாக கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஓர் எழுத்து மாற்றம் என்ன செய்யும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இது புதிய நோயும் இல்லை. 1963ல் கல்கத்தா, 1964-65ல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி என்று ஏற்கெனவே ஒரு சுற்று வந்து போயிருக்கிறது. 1973ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் காணாமல் போனது. திரும்பி வந்தபோது 2006ல் மட்டும் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்பது அரசுக் கணக்கு. 1975லிருந்து கொசுவைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய நிறுவனம், வி.சி.ஆர்.சி., எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஊருக்குள் அதைக் கொசு ஆபீஸ் என்று சொல்பவர்களும் உண்டு. கொசுவுக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது. கொசு கடித்து மூணு வருஷம் கழித்தும் முட்டி வலிக்கிறவர்கள் எங்கே போவது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ஆயாவைப் பார்த்த டாக்டர், ஊரிலிருந்து வந்த சித்தப்பா, பால்காரர், எல்லோரும் அதையே சொன்னார்கள். “வயசாயிடுச்சு இல்ல?”

தமிழில் இது ஒரு வினோதமான வாக்கியம். பார்க்கக் கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை. கடைசியில் தொங்கும் அந்த ‘இல்ல’ நம்மைத் தலையாட்டச் சொல்கிறது. தலையாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. ஆயாவே கடைசியில் அதைத் தன் வாயால் சொல்லத் தொடங்கினார். 2006 ஜூன் மாதம் 63 வயதில் தண்ணீர்க் குடம் தூக்கியவருக்கு 2006 செப்டம்பரில் எப்படித் திடீரென்று வயசாகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

2021 மே மாதம் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. இரண்டாம் அலை. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் சாவு. அம்மாவுக்கு ஆக்ஸிஜன் 92க்குக் கீழே போகவில்லை. வீட்டிலேயே பதினான்கு நாள் இருந்து தேறினார். அப்போது அவருக்கு 51. தையல்காரர். உஷா மெஷினில் நாளுக்கு நாலு ஜாக்கெட், தீபாவளி சமயத்தில் ஆறுகூடத் தைப்பார். தினமும் விடியற்காலையில் பீச் ரோட்டில் காந்தி சிலை வரை நடந்துவிட்டு வருவார்.

ஆகஸ்டில் ஒருநாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார். துணி காயப்போட ஏறியவர். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூச்சு வாங்கவில்லை, வலி எதுவும் இல்லை. “சார்ஜ் போயிடுச்சு” என்றார். செல்போனிலிருந்து எடுத்த வார்த்தை. அதைவிடச் சரியான வார்த்தையை இன்றுவரை நான் எந்த மருத்துவக் கட்டுரையிலும் பார்க்கவில்லை. ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று இரண்டு ஜாக்கெட் தைத்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. “நேத்து செஞ்ச வேலைக்கு இன்னிக்கு வட்டி கட்டறேன்.” அளவெடுத்துவிட்டு நோட்டில் எழுதும்முன் எண் மறந்துவிடும். ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கும்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்தார்கள். ரத்தம், தைராய்டு, ஈசிஜி, நெஞ்சு ஸ்கேன். எல்லாம் நார்மல். டாக்டர் நல்ல மனிதர், சிரித்த முகம். ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “ஐம்பதைத் தாண்டிட்டாங்க. வயசாகுது இல்ல?”

என் தொழிலில் இதற்கு இணையான ஒரு வாக்கியம் உண்டு. பயனர் ஒரு கோளாறைச் சொன்னால், எழுதியவன் சொல்வான்: “என் மெஷின்ல ஓடுதே.” அர்த்தம், கோளாறு உன்னிடம்தான். நான் அந்த வாக்கியத்தை ஆபீஸில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அம்மாவின் உடம்பைப் பற்றிக் கேட்டபோதுதான் அதில் எவ்வளவு அலட்சியம் இருக்கிறது என்று உறைத்தது.

அந்த வருஷம்தான் செல் மூப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். எரிச்சலில் தொடங்கிய படிப்பு. வயசாவது என்றால் என்ன, அது உடம்பில் எந்த இடத்தில் நடக்கிறது, என்றைக்கு நடக்கிறது என்று யாராவது திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடினேன். சொல்லியிருக்கிறார்கள்.

கதை ஒரு பிரெஞ்சுக்காரரின் தவறிலிருந்து தொடங்குகிறது. அலெக்சிஸ் காரெல், லியோனில் படித்த அறுவை மருத்துவர், 1912ல் நோபல் பரிசு வாங்கியவர். அதே வருஷம் நியூயார்க்கில் கோழிக்கருவின் இதயத் திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்க ஆரம்பித்தார். அது சாகவே இல்லை. 1944ல் காரெல் செத்துப்போனார், திசு 1946வரை இருந்தது. ஆக, செல்களுக்கு மரணம் இல்லை, சரியாகத் தீனி போட்டால் என்றைக்கும் பிரிந்துகொண்டே இருக்கும் என்று அரை நூற்றாண்டு காலம் பாடப்புத்தகங்கள் சொல்லின. வேறு யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. முடியாதவர்கள் தங்கள் கைப்பக்குவம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் போட்ட தீனியோடு சேர்ந்து புதிய செல்களும் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது பிற்கால விளக்கம்.

ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃப்ளிக் என்ற இளைஞருக்கும் செல்கள் கைகொடுக்கவில்லை. மனிதச் செல்கள் ஏறக்குறைய ஐம்பது தடவை பிரிந்த பிறகு நின்றுவிட்டன. அவர் தன் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்காமல், பாடப்புத்தகத்தைச் சந்தேகித்தார். பால் மூர்ஹெட்டோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாற்பது தடவை பிரிந்து களைத்த ஆண் செல்களையும் பத்தே தடவை பிரிந்த பெண் செல்களையும் ஒரே கலத்தில் கலந்து வைத்தார். தீனியில் கோளாறு, கலத்தில் விஷம், மறைந்திருக்கும் கிருமி என்று எதுவாக இருந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். சில வாரம் கழித்துப் பார்த்தால் கலத்தில் பெண் செல்கள் மட்டும் இருந்தன. கணக்கு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. 1961ல் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன்னால் ஒரு பெரிய இதழ் திருப்பி அனுப்பியிருந்தது.

அந்தக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பது பிறகு தெரிந்தது. குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற பகுதி. ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பி மாதிரி. ஒவ்வொரு பிரிதலிலும் கொஞ்சம் தேயும். ஒரு கட்டத்தில் செல் ஆபத்தை உணர்ந்து பிரிவதை நிறுத்திவிடும். கெட்டுப்போன செய்தியோடு பிரிந்தால் புற்றுநோய். ஆகவே நிறுத்துவது ஒரு பாதுகாப்பு. இதுவரை நல்ல கதை.

ஆனால் தேய்மானம் மட்டும்தான் வழி என்றில்லை. கதிர்வீச்சு, ரசாயனம், மரபுச் செய்தியில் விரிசல், எது செல்லை மிரட்டினாலும் அது இந்தப் பிரேக்கை மிதிக்கும். இருபது வயதுக்காரனின் செல்கூட ஒரே வாரத்தில் மூப்படையலாம். நாள்காட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நின்றுபோன செல் சும்மா இருப்பதில்லை. ஜூடித் கம்பீசி என்ற அமெரிக்க விஞ்ஞானி 2008ல் தன் குழுவோடு இதை விரிவாகக் காட்டினார். மூப்படைந்த செல் பெருத்துக்கொண்டு, அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தன்னைச் சுற்றி உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களை வா வா என்று கூப்பிடுகிறது, பக்கத்துத் திசுவை அரிக்கும் நொதிகளை வெளியே விடுகிறது. இந்தப் பேச்சு முழுவதற்கும் சேர்த்து எஸ்.ஏ.எஸ்.பி. என்று பெயர். இளமையில் நோய் எதிர்ப்பு மண்டலம் வந்து இப்படிப்பட்ட செல்களைத் துப்புரவு செய்துவிடும். போகப்போகத் துப்புரவு தாமதமாகும், குப்பை சேரும்.

பத்திரிகைகள் இவற்றை ஜாம்பி செல்கள் என்கின்றன. எனக்கு இந்தப் பெயரில் தொழில்ரீதியான ஆட்சேபம் இருக்கிறது. லினக்ஸில் ஜாம்பி என்றால் வேலை முடிந்து, மெமரியைக் கொடுத்துவிட்டு, பட்டியலில் பெயர் மட்டும் மிச்சமிருக்கும் புராசஸ். அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. மூப்படைந்த செல் அதற்கு நேர் எதிர். புது வேலை எடுத்துக்கொள்ளாது, ஆனால் நிமிஷத்துக்கு நூறு எச்சரிக்கைச் செய்தி அனுப்பும். கொல்ல முயன்றால் சாகாது, ஏனென்றால் தற்கொலை செய்துகொள்ளும் இயல்பான வழியை அடைத்து வைத்திருக்கிறது. போதாததற்கு அதன் கூச்சலைக் கேட்டுப் பக்கத்து செல்லும் அதே நிலைக்குப் போகும். ரிட்டயர் ஆன பிறகும் தினம் ஆபீசுக்கு வந்து எல்லோரையும் பதற்றப்படுத்தும் சூப்பிரண்டண்ட் என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

2021 செப்டம்பரில், அம்மா படியில் உட்கார்ந்த அடுத்த மாதம், நேச்சர் இதழில் பெர்லின் ஆராய்ச்சியாளர்களின் ஒரு கட்டுரை வந்தது. கொரோனா உட்பட வெவ்வேறு வகை வைரஸ்கள் தாங்கள் நுழைந்த செல்லை மூப்படையச் செய்கின்றன என்று அது சொன்னது. காரணம் யோசித்தால் புரிகிறது. வைரஸ் வந்து செல்லின் இயந்திரங்களைக் கைப்பற்றுகிறது. செல்லுக்கு அது பெரிய மிரட்டல். பிரேக்கை மிதிக்கிறது, கத்த ஆரம்பிக்கிறது. அந்தக் கத்தல் ரத்தம் உறைவதையும் நுரையீரல் சேதத்தையும் தூண்டுகிறது. மூப்படைந்த செல்களைக் கொல்லும் மருந்துகளைக் கொடுத்தபோது நோயுற்ற வெள்ளெலிகளின் நுரையீரல் பாதிப்பு குறைந்தது.

ஐந்து மாதம் கழித்து ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்த கட்டுரைதான் என்னைத் தூங்கவிடவில்லை. கொரோனா புகுந்த செல் விடும் செய்தியைக் கேட்டு, வைரஸே நுழையாத பக்கத்து செல்களும் மூப்படைகின்றன என்று எய்ஜி ஹாரா குழு எழுதியிருந்தது. வைரஸ் முழுக்கப் போன பிறகும் எலிகளின் நுரையீரலில் இந்தச் செல்கள் தங்கியிருந்தன, அழற்சியும் தங்கியிருந்தது. ஆர்டிபிசிஆர் நெகட்டிவ், ஆனால் உள்ளே சத்தம் ஓயவில்லை. படித்ததும் ஆயா சொன்னதுதான் காதில் விழுந்தது. பெத்துப் போட்ட புள்ள.

இங்கே நிதானிக்க வேண்டும். நீடித்த கோவிட்டுக்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வைரஸின் மிச்சங்கள் குடல் போன்ற இடங்களில் பதுங்கியிருக்கலாம், எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கலாம், பழைய எப்ஸ்டைன்-பார் வைரஸ் விழித்துக்கொள்ளலாம், தசைக்குள் ஆற்றல் உற்பத்தி குலையலாம். ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று இருக்கிறது. ஒருவருக்கு ஒரு காரணம், இன்னொருவருக்கு வேறு காரணமாகவும் இருக்கலாம். எலி நுரையீரலில் கண்டதை அம்மாவின் கால்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆயாவின் முட்டியை இந்தக் கதைக்குள் இழுப்பது அதைவிடப் பெரிய தாவல். சிக்குன்குனியாவில் வேறு தடயமும் இருக்கிறது: ரெயூனியனில் ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் வந்து பதினெட்டு மாதம் கழித்து மூட்டுச் சவ்விலிருந்த எதிர்ப்புச் செல்களில் வைரஸின் துண்டுகளைக் கண்டிருக்கிறார்கள். அங்கே கத்திக்கொண்டிருந்தது மூப்படைந்த செல்லா, பதுங்கியிருந்த வைரஸா, இரண்டுமா? ஆயாவின் மூட்டை இனி யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

இருந்தாலும் ஒரு விஷயம் மாறிவிட்டது. ‘வயசாயிடுச்சு’ என்று அந்த டாக்டர் சொன்னது, அவருக்கே தெரியாமல், ஓர் அர்த்தத்தில் சரியாகக்கூட இருக்கலாம். அம்மாவின் உடம்பில் எங்கோ சில லட்சம் செல்களுக்கு ஒரு வைரஸ் சில நாட்களில் வயதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த வயசு பிறந்த தேதியிலிருந்து வந்ததில்லை. இதற்கு ஒரு தொடக்க நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, அளக்கக்கூடிய ரசாயனம் இருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் சாயம் போட்டால் இந்தச் செல்கள் நீலமாகத் தெரியும். கம்பீசியின் குழு 1995லேயே அந்த முறையைக் கண்டுபிடித்துவிட்டது. நீலமாகத் தெரிகிற ஒன்றைப் பார்த்து, “வயசாயிடுச்சு இல்ல?” என்று சொல்லி ரிப்போர்ட்டை மடிக்க முடியாது. எங்கே, எவ்வளவு, எப்போதிருந்து என்று கேட்டாக வேண்டும்.

நீடித்த கோவிட் என்ற பெயரையே நோயாளிகள்தான் வைத்தார்கள். 2020 மே மாதம் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியலாளர், தானும் நோயில் கிடந்தபடி, ட்விட்டரில் எழுதிய பெயர் அது. உலக சுகாதார நிறுவனம் ஒரு வரையறையை வெளியிட்டது 2021 அக்டோபரில். பதினேழு மாத இடைவெளி. மகொண்டே மக்களுக்கும் பெரேகோவுக்கும் இருந்த தைரியம் எங்கள் தெருவுக்கு இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. ஆயாவிடம் வார்த்தை இருந்தது. அதை நோயின் பெயராக எடுத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை.

சரி, மருந்து? 2011ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூப்படைந்த செல்களை நீக்கிய எலிகள் பல உபாதைகள் தள்ளிப்போய் வாழ்ந்தன. 2015ல் அங்கிருந்தே தாசாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தும், குவெர்செட்டின் என்ற தாவரப் பொருளும் சேர்ந்து இந்தச் செல்களைக் கொல்லும் என்று வந்தது. அதற்குப் பிறகு கடைவிரிக்க எத்தனை நாளாகும்? இன்று ஆன்லைனில் குவெர்செட்டினும் ஃபிசெட்டினும் டப்பா டப்பாவாகக் கிடைக்கின்றன. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு என் கார்ட்டில் இரண்டு டப்பா இருந்தது. பணம் கட்டவில்லை. கட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரம் மருந்துச் சோதனைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மனிதர்களில் இந்த ஜோடி மருந்தின் முதல் சோதனை 2019ல் வெளிவந்தது. நுரையீரல் இறுகும் நோயுள்ள 14 பேர். மூன்று வாரம், வாரத்துக்கு மூன்று நாள் மருந்து. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியது. நல்ல செய்திதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை வாங்கிய இன்னொரு குழு இல்லை. டாக்டர் அக்கறையாகக் கவனித்தாலே நாலடி கூட நடக்கிறவர்கள்தான் நாம். மறுபக்கம், யூனிட்டி பயோடெக்னாலஜி என்ற நிறுவனம் தேய்ந்த முட்டிக்குள் நேராக ஊசி போடும் இதே வகை மருந்து ஒன்றைச் செய்தது. 2020 ஆகஸ்டில் முடிவு வந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து மருந்து வாங்கியவர்களுக்கும் வெற்று ஊசி வாங்கியவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. முட்டி என்றதும் ஆயாவை நினைத்துக்கொண்டு படித்ததால் அந்த முடிவு கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மூப்படைந்த செல் எப்போதுமே எதிரி இல்லை. தோலில் வெட்டு விழுந்தால் அங்கே கொஞ்சம் செல்கள் மூப்படைந்து, புண்ணை மூடச் சொல்லி செய்தி அனுப்பும். அவற்றை நீக்கிய எலிகளில் காயம் ஆறத் தாமதமானது. 2014ல் இதைக் கண்டதும் கம்பீசியின் குழுதான். கருவில் குழந்தையின் உறுப்புகள் வடிவம் பெறும்போதுகூட இந்தச் செல்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகின்றன. வரவேண்டியவைதான். கிளம்பாமல் தங்கிவிடுவதுதான் பிரச்சினை. எதைக் கொல்வது, எதை விடுவது என்று ஆன்லைன் டப்பாவுக்குத் தெரியுமா?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைப் பென்சிலால் அவருடைய அளவு நோட்டிலேயே வரைந்து காட்டினேன். கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி: “அந்த மாத்திரை எதுலேர்ந்து எடுக்கறாங்க?”

“குவெர்செட்டின் வெங்காயத்துல நிறைய இருக்கும்மா.”

“அப்ப வெங்காயமே தின்னுட்டுப் போறேன். எவ்ளோ திங்கணும்?”

கணக்குப் போட்டேன். அந்தச் சோதனையில் கொடுத்த அளவுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிலோ வரும். அம்மா சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. கார்ட்டைக் காலி செய்தேன். புற்றுநோய் மருந்தை வீட்டில் வைத்து விளையாட முடியாது. அது இல்லாத பாதி மருந்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தப் படம் வேறொரு காரியம் செய்தது. அதுவரை அம்மா தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார். தெம்பு வந்த நாளில் விட்ட வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று மெஷினை மிதித்து, அடுத்த இரண்டு நாள் வட்டி கட்டுவார். நடக்க நடக்கத்தான் சரியாகும் என்று சொந்தக்காரர்கள் வேறு விரட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்த நோய் உள்ளவர்களை வேண்டுமென்றே களைக்கவிட்டுத் தசையைச் சோதித்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வு ஒன்று 2024ல் வந்தது. உழைப்புக்குப் பிறகு தசையில் சேதம் கூடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வட்டி என்று அம்மா சொன்னது வெறும் உவமை இல்லை.

அளவு நோட்டின் பின்பக்கத்தில் இப்போது வேறொரு கணக்கு ஓடுகிறது. தேதி, எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன வேலை, மறுநாள் எப்படி இருந்தது. தெம்பான நாளை நல்ல நாள் என்று எழுதுவதில்லை, ‘ஏமாத்து நாள்’ என்று எழுதுகிறார். மூன்று மாதம் எழுதிய பிறகு அவரே ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: முடியும் என்று தோன்றுவதில் பாதியில் எழுந்துவிட வேண்டும். கழுத்து வெட்டி முடித்தால் கை வெட்டுவது மறுநாள். கொக்கி வைப்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார், ஜாக்கெட்டுக்கு இருபது ரூபாய். வாரத்துக்கு ஐந்து ஜாக்கெட் என்று கணக்கு நிலைத்திருக்கிறது. முன்பு ஒன்றேகால் நாள் வேலை அது. புது ஆர்டர் கேட்டு வருகிறவர்களிடம் தீபாவளிக்கு முடியாது, பொங்கலுக்குத் தருகிறேன் என்று சொல்கிறார். “ஏங்க்கா, முடியலையா? வயசாயிடுச்சு இல்ல?” என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். அம்மா தலையாட்டவில்லை. “வயசு இல்லம்மா, கொரோனா. நாலு வருஷமா இருக்கு” என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துணியை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வேறொரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். ரிப்போர்ட் பைல் கனமாக இருக்கிறது, அதைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. பைல் கிடக்கட்டும், நோட்டை எடுத்துக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.